தினமும் ஓட்டும் வண்டியில் குறைந்த செலவில் குதிரைத்திறனைக் கூட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கும் வீட்டுக்கும் இடையே தினமும் ஓடும் வண்டி இன்னும் சற்று நன்றாக இழுக்க வேண்டும், ஆனால் அதற்காகப் பெருந்தொகை செலவழிக்கவும் முடியாது, மறுநாள் காலை வண்டி கிளம்பாமல் நிற்கவும் கூடாது என்று எண்ணுபவர்களுக்காக இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பந்தயத் தடத்துக்கு வண்டி தயாரிப்பது வேறு கலை; அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

குதிரைத்திறன் என்பதும் பிக்கப் என்பதும் ஒன்றா?

ஒன்றல்ல. மிதித்ததும் வண்டி எவ்வளவு துடிப்பாக இழுக்கிறது என்பதைத்தான் பிக்கப் என்கிறோம். ஒரு வினாடியில் எஞ்சின் எவ்வளவு வேலை செய்கிறது என்பதே குதிரைத்திறன். நீராவி எஞ்சினின் ஆற்றலைக் குதிரையின் உழைப்போடு ஒப்பிட்டு ஜேம்ஸ் வாட் வகுத்த அந்த அளவு இன்றைய கணக்கில் 745.7 வாட். பல நிறுவனங்கள் தங்கள் வண்டிகளின் விவரத்தாளில் குறிப்பிடும் பிஎஸ் என்பது சற்றுச் சிறிய அலகு, 735.5 வாட். இரண்டையும் ஒன்றெனக் கொண்டு இரு வண்டிகளை ஒப்பிட்டால், தொடக்கத்திலேயே 1 சதவீதத்துக்கும் மேலான பிழை வந்துவிடும்.

எஞ்சின் தன் தண்டைத் திருகும் வலுவான முறுக்குவிசையை (நியூட்டன் மீட்டரில்) ஆர்பிஎம்மால், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதால், பெருக்கி 7121 ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்கும். 4000 ஆர்பிஎம்மில் 110 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சின் அந்த இடத்தில் ஏறத்தாழ 62 குதிரைத்திறன் தருகிறது. அதே எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் 95 நியூட்டன் மீட்டர்தான் தருகிறது என்றாலும் அங்கே 80 குதிரைத்திறன் கிடைக்கிறது. விளம்பரத்தில் வருவது இந்த 80 தான். ஆனால் தினசரிப் போக்குவரத்தில் நாம் பெரும்பாலும் 1500 முதல் 3500 ஆர்பிஎம்முக்குள்ளேயே ஓட்டுகிறோம் என்பதால், உச்சியில் ஐந்து குதிரைத்திறனைக் கூட்டி அடியில் இழுவையைக் குறைக்கும் மாற்றம் உங்களுக்கு நட்டமாகவே முடியும். நாம் விரும்புவது எந்த ஆர்பிஎம்மில் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

எதையும் வாங்குவதற்கு முன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

வண்டி ஏற்கெனவே இழந்திருக்கும் திறனை மீட்டெடுக்க வேண்டும். இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்துகிறேன். ஆறு ஏழு ஆண்டு ஓடிய வண்டி, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்று இருந்த அதே திறனோடு இருப்பது அரிது. அந்தத் தேய்மானம் நாளுக்கு நாள் மிக மெல்ல நடப்பதால் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை.

ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கணினிக் கட்டுப்பாடுள்ள பெட்ரோல் கார்களில் அடைத்துக்கொண்ட ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்றும், வேகமெடுக்கும் நேரம் மட்டும் 6 முதல் 11 சதவீதம் வரை மேம்பட்டது என்றும் கண்டறிந்தார்கள். ஒரு சாதாரணக் காகித ஃபில்டரின் விலையில் இவ்வளவு பலன் தரும் வேறு பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. அடுத்து ஸ்பார்க் பிளக். அதன் முனை தேய்ந்து இடைவெளி அகலும்போது, அதிக அழுத்தம் உள்ள நேரத்தில், அதாவது ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கும் நேரத்தில், பொறி தவறத் தொடங்கும். காற்றின் அளவை உணரும் சென்சாரில் படிந்த தூசி, த்ராட்டில் பாடியில் ஒட்டிய கரி, அடைபட்ட இன்ஜெக்டர், திறந்தபடியே நின்றுபோன தெர்மோஸ்டாட் ஆகியவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறனைத் தின்பவை. எரிபொருளை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் உள்வால்வின் பின்புறத்தைப் பெட்ரோல் கழுவுவதில்லை என்பதால் அங்கே கரி தடித்துப் படியும். அதை எடுத்தால் வண்டி நன்றாக மூச்சு விடும்.

எஞ்சின் நன்றாகவே உழைத்தும் அந்த உழைப்பு சக்கரம் வரை போய்ச் சேராமல் இருக்கலாம். உயர் கியரில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அதிகம் பிரேக் பிடிக்காமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்திய பிறகு ஒரு சக்கரம் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோதிக்கும்போது டிஸ்க்கைத் தொடாதீர்கள். கையைச் சற்றுத் தள்ளி நீட்டினாலே வெப்பம் தெரியும்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். நான் தினமும் ஓட்டிய, டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) உள்ள டீசல் காரில் பிக்கப் மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வந்து, ஏற்றங்களில் கறுப்புப் புகையும் தள்ளத் தொடங்கியது. எஞ்சினுக்கு வயதாகிவிட்டது, ரீமேப் செய்தால், அதாவது எஞ்சின் கணினியின் அட்டவணைகளைத் திருத்தினால், சரியாகும் என்று எண்ணிப் பணத்தையும் ஒதுக்கி வைத்திருந்தேன். அதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று குனிந்த மெக்கானிக், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவினார். விரலில் எண்ணெய்ப் பசை வந்தது. குழாயை வளைத்தபோது, அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் மூடியிருந்த, ஒரு நகத்தின் நீளமே உள்ள விரிசல் வாய் திறந்தது. வண்டி நின்றபடி ஓடும்போது மூடிக்கொண்டும், டர்போ அழுத்தம் ஏறும்போது மட்டும் திறந்துகொண்டும், அளந்து அனுப்பிய காற்றை அது வெளியே விட்டுக்கொண்டிருந்தது. குழாயை மாற்றியதோடு புகையும் போனது, இழுவையும் திரும்பியது. ரீமேப் செய்திருந்தால், கிழிந்த குழாய்க்குள் இன்னும் அதிக அழுத்தத்தைத் திணித்திருப்பேன்.

பழைய எஞ்சினில் இவை எல்லாம் சரியாக இருந்தும் இழுவை இல்லையென்றால் கம்ப்ரஷன் சோதனை (ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பது) செய்யச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு காட்டினால் ரிங், வால்வு, ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றில் ஏதோ ஒன்று போயிருக்கிறது. அந்த நிலையில் திறன் கூட்டும் எந்த வேலையும் வீண்.

திறன் கூடியதா இல்லையா என்பதை நாமே எப்படி அளப்பது?

டைனோ எனப்படும் உருளைச் சோதனை மேடையில் மாற்றத்துக்கு முன்பும் பின்பும் அதே மேடையில், அதே கியரில் ஓட்டிப் பார்ப்பதே சிறந்த வழி. சக்கரத்தில் அளக்கப்படும் எண், விவரத்தாளில் உள்ள எஞ்சின் எண்ணைவிட 10 முதல் 20 சதவீதம் வரை குறைவாக இருப்பது இயல்பு. இடையில் உள்ள கியர்பாக்ஸ், அச்சு, டயர் ஆகியவற்றின் உராய்வு அது. அதைக் கண்டு வண்டி பழுதாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டைனோ கிடைக்காவிட்டால் ஆள் நடமாட்டமும் போக்குவரத்தும் இல்லாத, சமதளமான, வேகம் அனுமதிக்கப்பட்ட இடத்தில் நேரத்தை அளக்கலாம். ஓட்டுபவரோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள கார் மூன்றாம் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80க்கு வர 3 வினாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகமாற்றத்துக்குத் தேவையான ஆற்றல் 108 கிலோஜூல். 3 வினாடியால் வகுத்தால் 36 கிலோவாட், அதாவது காற்றுத்தடைக்குப் போனது நீங்கலாகச் சராசரியாக 48 குதிரைத்திறன். அதே ஓட்டம் 2.8 வினாடியில் முடிந்தால் அது ஏறக்குறைய 52 ஆகிறது. ஐந்தில் ஒரு பங்கு வினாடி, மூன்றரைக் குதிரைகளுக்குச் சமம். இவ்வளவு நுட்பமான வேறுபாட்டைக் கையில் பிடித்த கடிகாரத்தால் அளக்க முடியாது என்பதால், கைப்பேசியின் ஜிபிஎஸ் செயலியைப் பயன்படுத்தி, இரு திசைகளிலும் பல முறை ஓட்டிச் சராசரி எடுங்கள். கைப்பேசியை உடன் வருபவர் பார்த்துக்கொள்ளட்டும். டயர் காற்று, எரிபொருளின் அளவு, வெளிவெப்பம் ஆகியவை இரண்டு நாட்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

செயல்திறன் மிக்கது என்று விற்கப்படும் ஏர் ஃபில்டரைப் போடலாமா?

தொழிற்சாலையில் வரும் ஃபில்டர் புதிதாக இருக்கும்போது அந்த எஞ்சினுக்குத் தேவையான காற்றைத் தடையின்றி விடும் அளவிலேயே இருக்கிறது. ஆகவே அதன் இடத்தில் பொருந்தும் விலையுயர்ந்த ஃபில்டர் தரும் கூடுதல் திறன் அளவுப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். பெட்டியை நீக்கிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டரை எஞ்சின் அறையிலேயே திறந்து வைப்பது இன்னும் மோசம், ஏனெனில் அது ரேடியேட்டரைக் கடந்து வரும் சூடான காற்றை உறிஞ்சுகிறது. 30 டிகிரி காற்றைவிட 40 டிகிரி காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறைவு. உறிஞ்சும் சத்தம் மட்டும் கம்பீரமாக இருக்கும்.

வெளியிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் குழாய் அமைப்பு ஓரளவு பயன் தரலாம். ஆனால் அதன் வாய் தாழ்வாக இருந்தால் தேங்கிய நீரில் செல்லும்போது எஞ்சின் நீரை உறிஞ்சிவிடும். நீரை அமுக்க முடியாது. ஆகவே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மழைக்காலத்திலும் ஓட்ட வேண்டிய வண்டிக்கு இந்த ஆபத்து தேவையில்லை.

சைலன்சரை மாற்றினால்?

சத்தம் கூடினால் வேகமும் கூடியது போன்ற உணர்வு வருவது இயற்கை. எண்கள் அதை அவ்வளவாக ஆதரிப்பதில்லை. எஞ்சினுக்கு எதிரழுத்தம் தேவை என்று பலர் சொல்வது சரியல்ல. ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளியேறும் புகையின் துடிப்பு தனக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தை இழுத்துச் சென்று, அடுத்து வருவதை வெளியே உறிஞ்ச உதவுகிறது. குழாய் அளவுக்கு மீறி அகலமானால் புகையின் ஓட்டம் தளர்ந்து அந்த உதவி குறைகிறது. அடி ஆர்பிஎம்மில் இழுவை போவது இதனால்தான். டர்போ இல்லாத எஞ்சினில் பின்சைலன்சரை மட்டும் மாற்றுவதால் கிடைப்பது மிகச் சொற்பம். டர்போ உள்ளதில் புகைவழித் தடை குறைந்தால் டர்போ விரைவாகச் சுழலும் என்பதால் பயன் சற்று அதிகம்.

இருக்கும் அமைப்பு அடைபட்டிருக்கிறதா என்பதைப் பார்ப்பதுதான் உண்மையில் பயனுள்ளது. புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகியோ உடைந்தோ அடைத்துக்கொண்டால் வண்டியின் கழுத்தை நெரித்துவிடும். புதியதைப் போட்டால் புது எஞ்சின் போலத் தோன்றும். அதை முற்றிலும் கழற்றி எறிவதை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் நமக்குப் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரரின் மூக்கில் நேராகப் போய்ச் சேர்கின்றன. பெரும்பாலான நாடுகளில் அது சட்டத்துக்கும் புறம்பானது.

அதிக ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் திறன் கூடுமா?

ஆக்டேன் எண் என்பது எரிபொருளின் ஆற்றலைக் குறிப்பதல்ல. பொறி வருவதற்கு முன்போ, முறைதவறியோ தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைக் குறிப்பது. 91 ஆக்டேனுக்கு வடிவமைத்த எஞ்சினில் 95 ஊற்றினால் பொதுவாக எதுவும் மாறாது. 95 கேட்கும் எஞ்சினுக்கு 91 ஊற்றி வந்திருந்தால் கதை வேறு: நாக்கிங்கை, அதாவது முறைதவறிய அந்த வெடிப்பை, உணர்ந்த கணினி பொறியின் நேரத்தைப் பின்தள்ளி வைத்திருக்கும், சரியான எரிபொருளை ஊற்றியதும் அந்தத் திறன் திரும்பும். எரிபொருள் மூடியின் உட்புறத்தையோ கையேட்டையோ பார்த்துக்கொள்ளுங்கள்.

ரீமேப் உண்மையிலேயே பலன் தருமா?

டர்போ உள்ள வண்டிக்குத் தரும், அதுவும் செலவழிக்கும் ஒவ்வொரு காசுக்கும் மிக அதிகமாகத் தரும். எவ்வளவு காற்று அழுத்தம், எவ்வளவு எரிபொருள், எந்த நொடியில் பொறி என்பதை முடிவு செய்யும் அட்டவணைகள் எஞ்சின் கணினியில் உள்ளன. தரம் குறைந்த எரிபொருள், கடும் வெயில், பராமரிப்பில் அலட்சியம் ஆகிய எல்லாவற்றையும் தாங்க வேண்டும் என்று நிறுவனங்கள் அவற்றில் ஓர் ஒதுக்கீடு வைக்கின்றன. ரீமேப் அந்த ஒதுக்கீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. டர்போ எஞ்சின்களில் 15 முதல் 30 சதவீதம் வரை கூடுவது வழக்கம். டர்போ இல்லாத எஞ்சினில் கூடுதல் காற்றைத் திணிக்க வழி இல்லாததால் ஒற்றை இலக்கச் சதவீதம்தான் கிடைக்கும்; அதற்கான செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒதுக்கீட்டிலிருந்து எடுக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. கூடிய முறுக்குவிசையை முதலில் தாங்க வேண்டியது கிளட்ச். பல வண்டிகளில் ரீமேப் செய்த சில மாதங்களில் அதுதான் முதலில் கைவிடுகிறது. பெட்ரோல் எஞ்சின் முழுச் சுமையில் 12.5 முதல் 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு எரிபொருள் என்ற செறிவான கலவையில்தான் பாதுகாப்பாக உச்சத்திறனைத் தரும். மிதமான ஓட்டத்தில் இருக்கும் 14.7 என்ற விகிதத்திலேயே அழுத்தத்தை மட்டும் ஏற்றிவிட்டால் பிஸ்டன் உருகும். ஆகவே செய்பவரிடம் மூன்றைக் கேளுங்கள்: பழைய கோப்பைச் சேமித்து வைத்துத் திருப்பிப் போட்டுத் தருவாரா, என் வண்டியின் கணினியிலிருந்து எடுத்துத் திருத்துகிறாரா அல்லது எங்கிருந்தோ வந்த கோப்பை ஏற்றுகிறாரா, ஏற்றிய பிறகு ஓட்டி அளந்து பதிவைக் காட்டுவாரா. மூன்றாவது கேள்விக்குத் தடுமாறுபவரிடம் வண்டியைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

இருசக்கர வண்டிக்கு எளிய வழி உண்டா?

சங்கிலியை இழுக்கும் பற்சக்கரமான முன்பக்க ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பதே மிக மலிவான மாற்றம். 14 பல்லுக்குப் பதில் 13 போட்டால் எல்லாக் கியரிலும் சக்கரத்துக்குப் போகும் விசை 7.7 சதவீதம் கூடுகிறது. குதிரைத்திறன் சிறிதும் கூடவில்லை. இருப்பதை வேறு விதமாகச் செலவழிக்கிறோம், அவ்வளவுதான். முன்பு 60 கிலோமீட்டர் வேகத்தில் 5000 ஆர்பிஎம் காட்டிய வண்டி இப்போது 5400ஐ நெருங்கும். நகருக்குள் இது இனிமை, நெடுஞ்சாலையில் இரைச்சல். வேகமானி கியர்பாக்ஸிலிருந்து அளவெடுக்கும் வண்டிகளில் காட்டும் வேகமும் தவறும்.

கார்புரேட்டர் வண்டியில் ஃபில்டரையோ சைலன்சரையோ மாற்றினால் பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஜெட்டையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எரிபொருள் போதாமல் கலவை வறண்டு எஞ்சின் சூடாகும். பிளக் முனை வெளுத்திருந்தால் வறட்சி, கரி அப்பியிருந்தால் செறிவு, இளம்பழுப்பு நிறம் இருந்தால் சரி.

எஞ்சின் கணினியோடு இணைக்கும் ஓபிடி சாக்கெட்டில் சொருகும் கருவி, மின்விசிறி டர்போ போன்றவற்றை வாங்கலாமா?

வேண்டாம். மலிவான சொருகு கருவிகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே சிமிட்டும் விளக்குகளுக்கான சுற்றைத்தான் கண்டிருக்கிறார்கள். உறிஞ்சும் காற்று குளிராக இருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்லும் மின்தடை, கலவையையும் பொறி நேரத்தையும் குழப்புமே தவிரக் காற்றைக் கூட்டாது. ஆக்சிலரேட்டர் மிதியோடு இணைக்கும் பெட்டி, கால்வாசி மிதித்தாலே பாதி மிதித்ததாகக் காட்டுகிறது. அந்தத் துடிப்பு சிலருக்குப் பிடிக்கலாம், முழுவதும் மிதித்தால் கிடைப்பது அதே பழைய திறன்தான்.

மின்விசிறி டர்போவைக் கணக்கிட்டே பார்க்கலாம். 1.5 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 4500 லிட்டர், அதாவது வினாடிக்கு 75 லிட்டர் காற்றை விழுங்குகிறது. அந்தக் காற்றை வெறும் 0.2 பார் கூடுதல் அழுத்தத்தில் தள்ளவே, எந்த இழப்பும் இல்லை என்று கொண்டாலும், 1500 வாட் அளவுக்குத் தேவை. 12 வோல்ட் பேட்டரியில் அது 125 ஆம்பியர். சந்தையில் விற்கும் சிறு விசிறி சில ஆம்பியரில் ஓடுகிறது. அது உறிஞ்சு குழாயில் ஒரு தடையாகவே நிற்கிறது.

டர்போ இல்லாத எஞ்சினுக்கு உண்மையான டர்போவைப் பொருத்தினால்?

பொருத்தலாம், ஆனால் அது குறைந்த செலவு என்ற தலைப்புக்குள் வராது. பெரிய இன்ஜெக்டர், எரிபொருள் பம்ப், இன்டர்கூலர், புதிய கணினி அட்டவணை, உயர்ந்த கம்ப்ரஷனைக் குறைக்க வேறு பிஸ்டன் என்று வேலை நீளும். அதற்கு ஆகும் செலவில் இதைவிட வலுவான எஞ்சினுள்ள வேறு வண்டிக்கு மாறிவிடலாம்.

எடையைக் குறைப்பது எவ்வளவு உதவும்?

ஆட்களோடு 1100 கிலோ உள்ள காரில் 55 கிலோவைக் குறைத்தால், வேகமெடுப்பதைப் பொறுத்தவரை 100 குதிரைத்திறன் எஞ்சினில் ஐந்து குதிரைகளைக் கூட்டியதற்கு ஏறத்தாழச் சமம். டிக்கியைத் திறந்து பாருங்கள். எப்போதோ வைத்து மறந்த கருவிப்பெட்டி, நீர்க்கேன், மேற்கூரையில் சுமந்து திரியும் வெற்று ராக் எல்லாம் சேர்ந்து அந்த எடையில் பாதியாவது வரும். ஸ்டெப்னி டயரை எடுத்துவிடாதீர்கள். சக்கரம் மாற்றும்போது கனமான பெரிய ரிம்மைத் தேர்ந்தெடுத்தால் எதிர்விளைவு ஏற்படும், ஏனெனில் சுழலும் எடையை முன்னே தள்ளுவதோடு சுழற்றவும் வேண்டியிருக்கிறது.

மலைப்பகுதிக்குப் போனால் வண்டி ஏன் திணறுகிறது?

1000 மீட்டர் உயரத்துக்கு ஏறும்போது காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது, டர்போ இல்லாத எஞ்சினின் திறனும் அதே அளவுக்கு இறங்குகிறது. இது பழுதல்ல. ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள்.

திறனைக் கூட்டினால் வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பிரேக்கும் டயரும் முதலில். 100 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் இயக்க ஆற்றலைவிட 120இல் இருப்பது 44 சதவீதம் அதிகம், அத்தனையையும் பிரேக்கே வெப்பமாக மாற்றியாக வேண்டும். நல்ல பேட், புதிய பிரேக் ஆயில், வயதாகாத டயர் ஆகியவற்றுக்கு முதல் தொகையை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் திறனைத் தேடுங்கள்; உங்களோடு குழந்தைகள் பயணம் செய்கிறார்கள் என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எஞ்சின் மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காவிட்டால் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியில் ரீமேப் செய்யாமல் காத்திருப்பது நல்லது, கணினியில் எழுதியதன் தடயத்தை நிறுவனத்தின் சர்வீஸ் மையங்களில் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

மாற்றத்துக்குப் பிறகு எஞ்சினுக்குச் சுமை மீறிவிட்டது என்பதை எப்படி அறிவது?

அடி ஆர்பிஎம்மில் உயர் கியரில் அழுத்தி மிதிக்கும்போது, தகர டப்பாவில் கூழாங்கற்களைக் குலுக்குவது போன்ற சன்னமான கிலுகிலுப்பு கேட்டால் அது நாக்கிங். உடனே காலை எடுத்துவிட்டுக் கியரைக் குறையுங்கள், அன்றைக்கே வண்டியைக் காட்டுங்கள். வெப்பமானி வழக்கமான இடத்தைவிட மேலே நிற்பது, எஞ்சின் விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டுவது, ஏற்றத்தில் கிளட்ச் கருகும் வாடை ஆகியவையும் எச்சரிக்கைகளே. மாற்றம் செய்த முதல் 1000 கிலோமீட்டர் வரை வாரம் ஒரு முறை, வண்டி ஆறியிருக்கும் காலை நேரத்தில், ஆயில் குச்சியை உருவிப் பார்த்து அளவைக் குறித்து வையுங்கள். முதல் வாரத்தில் குச்சியின் மேல்கோட்டில் இருந்த ஆயில் நான்காம் வாரத்தில் நடுக்கோட்டுக்கு வந்திருந்தால், அந்தக் குறிப்பையும் கையில் எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள்.